இரண்டாவது கணினி லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

வீட்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருக்கிறது. வேலைக்கு எடுத்துப்போவதும் அதுதான், சாயங்காலம் ஆனால் மற்றவர்கள் படிக்கவும் படம் பார்க்கவும் பில் கட்டவும் பிடுங்கிக்கொள்வதும் அதுதான். இன்னொன்று வாங்குவது என்று முடிவாகிவிட்டது, அது லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்பதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கேள்வி இவ்வளவுதானே?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாவது லேப்டாப் என்றால் இரண்டாவது டெஸ்க்டாப்பாக இருக்கட்டும். டெஸ்க்டாப் என்றதும் காலடியில் நிற்கும் பெரிய பெட்டியை நினைக்க வேண்டாம், மானிட்டருக்குப் பின்னால் மறைந்துவிடும் மினி பிசி ஒன்றே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். லேப்டாப்பே சரி என்று சொல்லும் சில சந்தர்ப்பங்களும் உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம், நான் இதில் ஒரு முறை சறுக்கியவன். இரண்டாவதாகவும் ஒரு லேப்டாப்தான் வாங்கினேன், "எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமே" என்ற ஒரே காரணத்துக்காக. முதல் பத்து நாள் சோபா, கட்டில், தரை என்று எல்லா இடத்துக்கும் போனது. அப்புறம் ஜன்னலோரத்து மேசைக்கு வந்து உட்கார்ந்தது, நான்கு வருடம் அங்கேயே இருந்தது. சார்ஜரை யாரும் கழற்றிய ஞாபகமே இல்லை. ஒரு நாள் டச்பேடின் இடது பக்கம் கிளிக் ஆகவில்லை. தூசி போயிருக்கும் என்று துடைத்தேன், ஊதினேன், ஒரு மவுஸை மாட்டிவிட்டு மறந்தும் போனேன். கொஞ்ச நாள் கழித்து மூடினால் மூடி சரியாகப் படியவில்லை, ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழும்பியது. திருப்பிப் பார்த்தால் அடிப்பலகை தொந்தி போட்டிருக்கிறது. உள்ளே பேட்டரி உப்பி, டச்பேடைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு இருந்திருக்கிறது.

இது அபூர்வமான கோளாறு ஒன்றும் இல்லை. லித்தியம் அயன் பேட்டரி எப்போதும் 100 சதவீதத்திலேயே நிற்பதும், பக்கத்திலேயே கணினியின் மூளையான பிராசசரின் சூடு அடித்துக்கொண்டிருப்பதும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் வேதிப்பொருள் சிதைந்து வாயு உண்டாகும், அந்த வாயு வெளியேற வழியில்லாமல் பை உப்பும். இப்போது வரும் பல லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் செட்டிங் இருக்கிறது. உங்கள் பழைய லேப்டாப்பும் பெரும்பாலும் மேசையில் சார்ஜரோடுதான் கிடக்கிறது என்றால் இன்றைக்கே அதைத் தேடி ஆன் செய்துவிடுங்கள். ஏற்கெனவே உப்பியிருந்தால் அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்தவே குத்தாதீர்கள், சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு மாற்றக் கொடுத்துவிடுங்கள்.

நகராத ஒரு பொருளுக்கு, நகர்வதற்கென்று ஆகும் செலவையெல்லாம் கொடுத்திருந்தேன் என்று அப்புறம்தான் உறைத்தது. பேட்டரி, கீல், மெல்லிய உடம்பு, அந்த மெல்லிய உடம்புக்குள் சூட்டை அடக்க வேண்டிய சின்ன விசிறி, இத்தனைக்கும் காசு. பதிலுக்குக் கிடைத்தது அதே மேசையில் ஒரு சின்னத் திரை.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் வீட்டைக் கவனியுங்கள். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் கணினி தேவைப்படும் அந்த ஒரு மணி நேரம் எப்போது வருகிறது, அப்போது இரண்டாவது ஆள் எங்கே உட்காரப் போகிறார்? பெரும்பாலான வீடுகளில் பதில் ஒரே இடமாகத்தான் இருக்கும், ப்ளக் பாயின்ட் இருக்கும் இடமாக. எப்போதாவது வேறு இடத்தில் வேண்டுமென்றால் முதல் லேப்டாப்தான் இருக்கிறதே, டெஸ்க்டாப்பில் உட்காரக்கூடியவரை டெஸ்க்டாப்புக்கு அனுப்பிவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டும் லேப்டாப்பாக இருப்பதில் கிடைக்கும் சௌகரியத்தில் முக்கால்வாசி இதிலேயே கிடைத்துவிடுகிறது.

சரி, வேகத்துக்கு வருவோம். கடையில் நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. பிராசசரின் பெயர் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும், சரக்கு வேறு. இன்டெல்லின் 12ஆம் தலைமுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய லேப்டாப்களில் வந்த ஐ7-1255யு சிப்பில் வேகமான கோர்கள் (பிராசசருக்குள் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் பகுதிகள்) 2, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கோர்கள் 8, அடிப்படை மின் அளவு 15 வாட். டெஸ்க்டாப்புக்கான ஐ7-12700 சிப்பில் வேகமான கோர்களே 8, கூடவே சிறியவை 4, அடிப்படை 65 வாட், முட்டித் தள்ளும்போது 180 வாட் வரை போகும். ஸ்டிக்கரில் இரண்டுமே ஐ7தான். கேமுக்கும் எடிட்டிங்குக்கும் படத்தைத் தீட்டித் தரும் கிராபிக்ஸ் கார்டில் இந்த விளையாட்டு இன்னும் மோசம்: டெஸ்க்டாப்பின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுக்கு 24 ஜிபி நினைவகம், 450 வாட். லேப்டாப்பில் அதே பெயரில் வருவது 16 ஜிபி, அதிகபட்சம் 175 வாட் அளவில் ஓடும் வேறொரு சிறிய சிப்.

பிரவுசர், கடிதம், கணக்குத் தாள், வகுப்பு, வீடியோ பார்ப்பது, இதற்கெல்லாம் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெரிவது நீண்ட வேலையில். ஒரு அரைமணி நேர வீடியோவை எடிட் செய்து சேமிக்கக் கொடுத்தால் மெல்லிய லேப்டாப் முதல் ஒரு நிமிடம் நன்றாகத்தான் பறக்கும், பிறகு விசிறி அலறத் தொடங்கும், சூடு ஒரு அளவைத் தாண்டியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிராசசர் வேகத்தை இறக்கிவிடும், மிச்ச வேலை முழுக்க அந்த இறங்கிய வேகத்தில்தான் நடக்கும். சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் பெரிய ஹீட்சிங்கும் காற்றோட்டமும் உள்ள பெட்டி முதல் நிமிடத்தில் எப்படி ஓடியதோ கிட்டத்தட்ட அப்படியே கடைசி நிமிடத்திலும் ஓடும். வீட்டில் யாராவது கேம் ஆடுவதிலோ எடிட்டிங்கிலோ தீவிரமாக இருந்தால் மினி பிசியை மறந்துவிட்டு, கார்டு போட இடமுள்ள டவர் கேபினட்டையே வாங்குங்கள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

நான் வேகத்தைவிடக் கழுத்தைத்தான் பெரிதாக நினைக்கிறேன். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் கை தோளுக்கு ஏறிவிடும், கையைச் சரியாக வைத்தால் தலை குனிந்துவிடும், இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய வழியே கிடையாது. அரைமணி நேரத்துக்குப் பரவாயில்லை. தினமும் மூன்று நான்கு மணி நேரம் உட்காரும் ஒருவருக்கு, அதுவும் வளரும் பிள்ளைக்கு, 24 அங்குலத் திரை ஒரு கை தூரத்தில், மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். "லேப்டாப்புக்கே ஒரு ஸ்டாண்டு, கீபோர்டு, மானிட்டர் எல்லாம் வாங்கி மாட்டிக்கொள்ளலாமே" என்பீர்கள். மாட்டலாம். அந்த நிமிடமே அது பேட்டரி வைத்த டெஸ்க்டாப் ஆகிவிடுகிறது, அவ்வளவுதான்.

ரிப்பேர் விஷயத்தில் இரண்டுக்கும் தூரம் ரொம்ப அதிகம். டெஸ்க்டாப் கீபோர்டில் தண்ணீர் கொட்டினால் நஷ்டம் ஒரு கீபோர்டு. லேப்டாப்பில் கொட்டினால் எல்லாப் பாகங்களும் இணையும் பலகையான மதர்போர்டுக்கு நேராக இறங்கும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம், அதாவது வேலை செய்யும்போது பயன்படும் நினைவகம், மதர்போர்டிலேயே பற்றவைத்து வருகிறது, 8 ஜிபி வாங்கினால் சாகும்வரை 8 ஜிபிதான். டெஸ்க்டாப்பில் ஒரு நாள் தேதியும் நேரமும் தானாகப் பின்னுக்குப் போய், இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கையாக வந்து பயமுறுத்தும். பெரிய வைரஸ் என்று நினைப்பார்கள். மூடியைக் கழற்றினால் மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு வெள்ளி நிறப் பேட்டரி இருக்கும், பெயர் சிஆர் 2032, கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரிடம்கூடக் கிடைக்கும். பவரை நிறுத்தி, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, நகத்தால் நெம்பி எடுத்துப் புதியதைப் போட்டு, நேரத்தைச் சரிசெய்தால் முடிந்தது.

ஆனால் எல்லா டெஸ்க்டாப்பும் இப்படித் தாராளம் என்று நம்பிவிடாதீர்கள். கம்பெனிகள் அடைத்து விற்கும் டவர்களில் சிலவற்றில் பவர் சப்ளையின் வடிவமும் இணைப்பும் அவர்களுக்கே உரியதாக இருக்கும், கடைகளில் கிடைக்கும் பொதுவான ஏடிஎக்ஸ் அளவுப் பவர் சப்ளை உள்ளே போகாது. பிற்பாடு கார்டு போடும் எண்ணம் இருந்தால் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆல்-இன்-ஒன் எனப்படும், திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ரகத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. பார்க்க அழகு, ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் லேப்டாப் பாகம், மதர்போர்டு போனால் நல்ல திரையும் சேர்ந்து போகும், எடுத்துக்கொண்டும் போக முடியாது.

இனி நான் பரிந்துரைக்கும் மினி பிசி. இதில் மூன்று ரகம் இருக்கிறது. ஆப்பிளின் மேக் மினி, 2024இல் வந்த வடிவம் பக்கத்துக்கு 12.7 சென்டிமீட்டர் அகலம்தான், அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி வருகிறது, ஆனால் பிற்பாடு ரேம் கூட்ட முடியாது, எனவே வாங்கும்போதே யோசித்து வாங்க வேண்டும். அடுத்தது நக் என்ற பெயரில் இன்டெல் தொடங்கி 2023இல் கைவிட, ஆசுஸ் எடுத்துக்கொண்டு நடத்தும் ரகமும் அதன் சாயலில் வரும் மற்றவையும். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: அலுவலகங்களுக்கென்றே செய்யப்படும், சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டிகள். லெனோவோவின் திங்க்சென்டர் டைனி, டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ (2025 முதல் பெயர் டெல் புரோ மைக்ரோ), எச்பியின் எலைட்டெஸ்க் மினி. ஒரு தடிமனான புத்தகம் அளவு, சுமார் 18 சென்டிமீட்டர் சதுரம். லேப்டாப்பைப் போல வெளியே ஓர் அடாப்டர். இவற்றில் பலவற்றில் ஒரு திருகைக் கழற்றினாலே மூடி வந்துவிடும், ரேம் லேப்டாப் அளவில் கழற்றி மாட்டும் வகை, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் மாற்றலாம். பிராசசர் பெயரின் முடிவில் டி என்ற எழுத்து இருந்தால் அது 35 வாட் ரகம், அமைதியாக ஓடும். மானிட்டரின் முதுகில் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால், அதற்கான தகடு வாங்கி அங்கேயே மாட்டிவிடலாம், மேசையில் கணினி என்ற ஒன்றே கண்ணில் படாது.

மின்சாரச் செலவும் இதில் குறைவு. பெரிய கார்டு போட்ட டவர் சும்மா இருக்கும்போதே 50 வாட் பக்கம் இழுக்கும், மினி பிசி 10 வாட் அளவில் இருக்கும். 40 வாட் வித்தியாசம் என்று வைத்து ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கணக்குப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 117 யூனிட். உங்கள் கட்டணத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அலுவலகங்கள் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிப்பதால் இந்த ஒரு லிட்டர் பெட்டிகள் பழைய சந்தையில் தாராளமாக வரும். பழையது வாங்குவதில் தப்பே இல்லை, லேப்டாப்பைப் போலத் தேய்ந்த பேட்டரியும் தளர்ந்த கீலும் இதில் கிடையாது. ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பு வசதி. ஐ7 என்று பெருமையாகச் சொல்லி 6ஆம் தலைமுறையைத் தலையில் கட்டுவார்கள், அதைவிட 8ஆம் தலைமுறை ஐ5 மேல். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போடத் தயார் என்றால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ரேம் 8 ஜிபி குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி, அதையும் ஒரே 16ஆக அல்லாமல் இரண்டு 8ஆகப் போட்டால் தனிக் கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸ் கொஞ்சம் கூடுதலாகவே ஓடும். சுழலும் ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் ஓடும் கணினியை இலவசமாகக் கொடுத்தாலும் எஸ்எஸ்டி மாற்றாமல் பயன்படுத்தாதீர்கள்.

டெஸ்க்டாப் மலிவு என்று சொல்பவர்கள் பெட்டியின் விலையை மட்டும் சொல்வார்கள். லேப்டாப்பில் சத்தமில்லாமல் கூட வருபவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்: திரை, கீபோர்டு, டச்பேடு, கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை, மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரி. டெஸ்க்டாப்பில் இது ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. வைஃபை பெரும்பாலான மினி பிசிகளில் இருக்கும், பழைய அலுவலகப் பெட்டிகளில் சில நேரம் இருக்காது, அலுவலகத்தில் கேபிளிலேயே ஓட்டியிருப்பார்கள். கேமராவை நிறையப் பேர் மறந்துவிட்டு முதல் ஆன்லைன் வகுப்பன்று காலையில் முழிப்பார்கள். வீட்டில் பழைய மானிட்டர் கிடந்தால் செலவு வெகுவாகக் குறையும். எல்லாமே புதிதாக வாங்க வேண்டுமென்றால் ஒரு சுமாரான லேப்டாப் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் அடுத்த முறை பெட்டியை மட்டும் மாற்றினால் போதும், நல்ல மானிட்டர் இரண்டு மூன்று கணினிகளைப் பார்த்துவிடும்.

மின்வெட்டு அடிக்கடி உள்ள இடம் என்றால் யுபிஎஸ், அதாவது மின்சாரம் போனதும் சிறிது நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி, கட்டாயம். அதன் மேல் எழுதியிருக்கும் 600 விஏ என்பதை 600 வாட் என்று படிக்காதீர்கள், அந்த அளவுள்ள வீட்டு யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். டவரும் பெரிய கார்டும் என்றால் சில நிமிடத்தில் கை விரித்துவிடும். மினி பிசியும் மானிட்டரும் சேர்ந்து 40, 50 வாட் என்பதால் அதே யுபிஎஸ் வேலையைச் சேமித்து நிதானமாக மூட நேரம் கொடுக்கும், ரௌட்டரையும் அதிலேயே சொருகலாம். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டிவிடாதீர்கள்.

மின்வெட்டு மணிக்கணக்கில் நீளும் என்றால் லேப்டாப்பே வாங்குங்கள், வாதமே வேண்டாம். இன்னொரு மேசை போட இடமே இல்லாத வீட்டுக்கும் அப்படித்தான். ஒரு வருடத்தில் யாராவது படிக்க வெளியூர் போய் விடுதியில் தங்கப்போகிறார் என்றால் இப்போது டெஸ்க்டாப் வாங்கி அப்போது லேப்டாப்புக்கு மறுபடி செலவு செய்வது வீண். உங்களிடம் முதலில் இருப்பது உண்மையில் அலுவலகத்தின் லேப்டாப், சொந்தமானது இல்லை என்றால் கணக்கே மாறிவிடும்: வேலையை விட்டால் அது போய்விடும், அப்போது நீங்கள் வாங்கப்போவதுதான் முதல் கணினி. அதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

டெஸ்க்டாப் வாங்குவதில் முதல் லேப்டாப்புக்கும் ஒரு லாபம் இருக்கிறது. மானிட்டரை யுஎஸ்பி-சி உள்ளதாக வாங்கினால் மினி பிசியை எச்டிஎம்ஐயில் நிரந்தரமாக மாட்டிவிட்டு, லேப்டாப்பை வேண்டும்போது ஒரே கேபிளில் சேர்க்கலாம், அந்த ஒற்றைக் கேபிளிலேயே படமும் போகும் சார்ஜும் வரும். மானிட்டரிலேயே யுஎஸ்பி போர்ட்களும், ஒரே கீபோர்டையும் மவுஸையும் இரண்டு கணினிக்கு மாற்றிக்கொள்ளும் கேவிஎம் வசதியும் இருந்தால் கீபோர்டும் மவுஸும்கூட இரண்டுக்கும் பொது. பகலில் பிள்ளை உட்காரும் மேசையே இரவில் உங்கள் வேலை மேசை ஆகிவிடும். அதோடு முதல் லேப்டாப் ஒரு நாள் திடீரென்று படுத்துவிட்டால் மறுநாள் வேலை நின்றுபோகாமல் இருக்க, அதிலுள்ள முக்கியமான கோப்புகளை வாரம் ஒரு முறை டெஸ்க்டாப்புக்கும் நகல் எடுத்துவைக்கலாம். இரண்டாவது கணினிக்கு இதுவே முக்கால்வாசிக் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

அந்த ஒற்றைக் கேபிள் வித்தைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டும் படத்தை வெளியே அனுப்பாது, சில வெறும் சார்ஜுக்கும் கோப்புகளுக்கும் மட்டும். போர்ட்டுக்குப் பக்கத்தில் நுனியில் அம்புத்தலை உள்ள மின்னல் குறியோ (தண்டர்போல்ட்), டி, பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதிய குறியோ இருந்தால் படம் போகும். குறி எதுவும் இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல் அந்தப் போர்ட்டுக்கு எதிரே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் யுஎஸ்பி-சி மானிட்டருக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், இரண்டு எச்டிஎம்ஐ உள்ள சாதாரண மானிட்டரே போதும்.